பளிக்கறையில் அடைபட்ட எழுத்து

எழுத்து என்பது ஒலிக்கு இட்ட உரு. உருக் குலைந்தால் ஒலி குலையும். ஒலி குலைந்தால் பொருள் குலையும். நெடுங்கணக்குப் பயிலும் சிறுவனும் அறிந்த உண்மை இது. இதனை அறியாதவர் யாரெனின், கணினியின் முன் அமர்ந்து எழுத்தை வடிவமைக்கும் பணியைத் தம் தொழிலாக ஏற்றுக்கொண்டவருள் மிகப் பலரே! ஊர்ச் சுவரில் ஒட்டப்பெறும் சுவரொட்டி, மணவிழா அழைப்பிதழ், நூலின் மேலட்டை, கைப்பேசியில் வலம்வரும் வாழ்த்துப் படம், இரங்கல் அறிவிப்பு ஆகிய எதனை எடுத்தாலும் எழுத்துகள் கண்ணாடியாகி நிற்கின்றன. எழுத்தின் உடல் ஊடுதெரிகின்றது, விளிம்பு பளபளக்கின்றது, மேலே ஒரு வெண்கீற்று மின்னுகின்றது, கீழே நிழல் விழுகின்றது. பார்த்தவர் வியக்கின்றார். படித்தீரா என்று அவரையே கேளுங்கள், விழிக்கின்றார்!

இக் கண்ணாடி வேட்கையைக் கண்டிக்கவே இக்கட்டுரை எழுந்தது. கண்ணாடியின்மேல் நமக்குப் பகையில்லை. அரிக்கமேட்டில் கண்ணாடியை உருக்கி மணி செய்து கடல் கடந்த நாடுகளுக்கு விற்ற மண் நம் மண். கீழடி அகழ்வாய்விலும் கண்ணாடி மணிகள் வெளிப்பட்டுள்ளன. கணினியின்மேலும் நமக்குப் பகையில்லை. கருவியை வெறுப்பவன் கைவினை அறியாதவன். நம் பகையெல்லாம், கருவியின் கையில் தன் கண்ணையும் அறிவையும் ஒருசேர ஒப்படைத்துவிட்டு, வந்ததே அழகு என்று வாளா இருக்கும் சோம்பலின்மேல்தான்.

செய்முறை என்னும் சடங்கு

கண்ணாடி எழுத்து எவ்வாறு ஆக்கப்பெறுகின்றது என்பதை முதற்கண் அறிந்துகொள்வோம். அறியாது கண்டிப்பது அறமன்று.

தாமசு நோல், சான் நோல் என்னும் உடன்பிறந்தார் இருவர் ஆக்கிய போட்டோசாப்பு மென்பொருள் 1990-ஆம் ஆண்டு அடோபி நிறுவனத்தின்வழி வெளிவந்தது. 1994-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் அடுக்கு முறை புகுந்தது. எழுத்து ஓரடுக்கு, பின்புலம் ஓரடுக்கு என்று கண்ணாடித் தகடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வேலை செய்யலாம் என்றாயிற்று. பின்னர் 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் 2000-இல் வந்த ஆறாம் பதிப்பிலும், அவ் வடுக்குகளுக்கு நிழலும் புடைப்பும் ஒளியும் ஊட்டும் ஏந்துகள் வளர்ந்தன. இன்று கண்ணாடி எழுத்து அமைப்போர் அனைவரும் நடப்பது இவ்வழியே.

எழுத்தைத் தட்டச்சிடுக. அதன் நிரப்பளவைச் சுழியாக்குக. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒளிபுகாமையைக் குறைத்தால் எழுத்தும் அதற்கிட்ட ஒப்பனையும் சேர்ந்தே மறையும். நிரப்பளவைக் குறைத்தாலோ எழுத்தின் உடல் மட்டும் மறைந்து, ஒப்பனை எஞ்சி நிற்கும். அஃதாவது, எழுத்து போய்விட்டது. எழுத்தின் அணிகலன்கள் மட்டும் நிற்கின்றன! பின்பு விளிம்பைச் சரித்துப் புடைப்பு ஊட்டுக; உள்நிழல் இடுக; உள்ளொளி இடுக; மேலே வெண்கீற்று வரைக; கீழே விழுநிழல் இடுக. உறைபனி படர்ந்த கண்ணாடி வேண்டுமெனில், பின்புலத்தைப் படியெடுத்து மங்கலாக்கி எழுத்தின் உருவுக்குள் அடைக்க. இன்னும் தேர்ந்தவர், பின்புலத்தை நெளியச் செய்யும் பெயர்ச்சிமுறையைக் கையாள்வர். நடுச்சாம்பல் நிறத்தில் பெயர்ச்சி இல்லை. வெண்மை ஒரு பக்கமும் கருமை எதிர்ப்பக்கமும் படத்தைத் தள்ளும்.

இத்தனையும் செய்பவன் கைவினைஞனே. ஐயமில்லை. ஆனால் இற்றை நாளில் இதனைச் செய்வோருள் இவ்வாறு படிப்படியாகச் செய்பவர் எத்துணையர்? எவரோ ஆக்கி வைத்த ஒப்பனைத் தொகுப்பை இறக்கிக்கொண்டு, ஒரே தட்டில் எழுத்தின்மேல் அப்பிவிட்டு அகல்வதே பெரும்பான்மை. அத் தொகுப்பு உரோமன் எழுத்தின் தடிப்புக்கும் திறப்புக்கும் ஏற்ப அளந்து செய்யப்பட்டதாயின், தமிழ் எழுத்துக்கு அது பொருந்துமா என்று எவன் எண்ணிப் பார்த்தான்?

தெரியாமையும் தெரிதலும்

கண்ணாடியின் இயல்பு யாது? ஒளியைத் தன்னூடே செல்ல விடுதல். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நேராகப் புகும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடே ஒரு முகப்பில் திரும்புகின்றது, எஞ்சியதெல்லாம் உட்செல்கின்றது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. அதனால், சரிந்த விளிம்பிலும் வளைந்த முகத்திலும் ஒளி வளைகின்றது. பக்கவாட்டில் பார்க்கப் பார்க்கத் திரும்பும் ஒளி மிகுகின்றது. ஆகவேதான் துடைத்த கண்ணாடிப் பலகையின் நடுப்பகுதி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளிம்பு மட்டும் தெரிகின்றது. தெரியாமல் இருப்பதே கண்ணாடியின் பெருமை. துடைத்த சாளரத்தில் பறவை வந்து மோதுவது அதனாலேதான்.

எழுத்தின் இயல்பு யாது? தெரிதல்! தன் பின்னே உள்ள தாளினின்றும் சுவரினின்றும் பிரிந்து நின்று, நான் இன்ன எழுத்து என்று ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லுதல். தெரியாமல் இருப்பதைப் பெருமையாகக் கொண்ட ஒன்றையும், தெரிவதையே கடமையாகக் கொண்ட மற்றொன்றையும் ஓருடலில் பிணைக்க முயல்வதே கண்ணாடி எழுத்து. இவ்விரண்டனுள் எது தோற்கின்றது? கண்ணாடி தோற்பதில்லை. ஒவ்வொரு முறையும் தோற்பது எழுத்துதான்.

இன்னொரு கேலியையும் பாருங்கள். பின்புலப் படத்தில் ஞாயிறு இடப்பக்கம் எரிந்துகொண்டிருக்கும். எழுத்தின் மின்னலோ வலப்பக்கத்தினின்று வரும். பின்னே உள்ள மரமும் வீடும் எழுத்துக்குள் நெளியாமல் நேராகவே நிற்கும். உண்மைக் கண்ணாடி ஒளியை வளைக்கும். இவர்தம் கண்ணாடி வளைப்பதில்லை; பளபளப்பை மட்டும் மேலே பூசிக்கொள்ளும். படிக்கவும் உதவாது, கண்ணாடியாகவும் இல்லாத இவ் விருதலைக் கேட்டிற்குப் பெயர் புதுமையாம்!

சுழியும் புள்ளியும் படும் பாடு

இக்கேடு எல்லா மொழி எழுத்துக்கும் உண்டு. தமிழெழுத்துக்கோ இரட்டைக் கேடு. ஏன் என்று சொல்வேன், எண்ணிப் பாருங்கள்.

தமிழெழுத்துகள் பல, சிறு வேறுபாட்டால் பெரும் பொருளைக் காப்பவை. னகரத்திற்குச் சுழி இரண்டு. ணகரத்திற்குச் சுழி மூன்று. புடைப்பும் உள்நிழலும் அச் சிறு சுழிகளை அடைத்துவிட்டால் பனி எது, பணி எது? பணிக்கு ஆள் தேவை என்னும் அறிவிப்பு, பனிக்கு ஆள் தேடும். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் காலடியில் ஒரு கீற்றே வேறுபாடு. அக் கீற்றை விழுநிழல் விழுங்கினால், ஏரியைக் காப்போம் என்று எழுதியது எரியைக் காப்போம் என்றாகும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பளபளப்பில் ஒன்றாகிவிட்டால், கொடு என்பதும் கோடு என்பதும் ஒன்றே.

எல்லாவற்றினும் கொடியது புள்ளி படும் பாடு. உயிர்மெய்யையும் மெய்யையும் பிரிப்பது ஒரே ஒரு புள்ளி. கண்ணாடிப் பூச்சின் வெண்கீற்று எழுத்தின் தலைமேல்தான் விழும்; புள்ளி இருப்பதும் அத் தலைமேல்தான்! ஒரு பக்கம், உண்மைப் புள்ளி அவ் வெள்ளொளியில் கரைந்து போகின்றது. மறுபக்கம், புள்ளியில்லா எழுத்தின்மேல் மின்னல் துளியொன்று விழுந்து பொய்ப்புள்ளியாகின்றது. இருந்த புள்ளி போயிற்று. இல்லாத புள்ளி வந்தது. இதனைவிட ஓரெழுத்துக்கு இழைக்கத்தக்க கேடு வேறென்ன உண்டு?

இவ்விடத்தில் நம் முன்னோர் பட்ட பாட்டை நினைவூட்டுவேன். பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பழைய ஏடெழுதுவோர் புள்ளியிடாது விட்டனர். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் ஏட்டில் காட்டப்பெறவில்லை. ரகரமும் காலும் ஓருருவாயின. அதனால் விளைந்த மயக்கங்களைத் தீர்க்கப் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு சொல்லாக அமர்ந்து பட்ட துன்பத்திற்கு அளவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவு வகுத்தார். அச்சுக்கலை வளர வளரப் புள்ளி தன் இடத்தை மீண்டும் பெற்றது. இவ்வாறு பல தலைமுறையார் உழைத்து மீட்டெடுத்த தெளிவை, இன்று ஒரே தட்டில் ஓலைக்காலத்து மயக்கத்திற்குத் திருப்பி அனுப்புகின்றோம். அவர்க்கு ஓலை கிழியும் என்னும் அச்சம் இருந்தது. நமக்கு என்ன இருக்கின்றது? பளபளப்பு குறையும் என்னும் அச்சமா? வெட்கம்!

உருத் தெரியும், ஒலி வாராது

மணிமேகலைக் காப்பியத்தில் பளிக்கறை புக்க காதை என்றொரு பகுதி உண்டு. புகார் நகரின் உவவனத்தில் பளிங்காலாகிய அறை ஒன்று. உள்ளே நிற்பவரின் உரு வெளியே தெரியும். அவர்தம் குரல் வெளியே வாராது. உதயகுமரன் தேடி வந்தபொழுது மணிமேகலை அவ்வறைக்குள் புகுந்துகொள்கின்றாள். சாத்தனார் காட்டிய அப் பளிக்கறையை இற்றைக் கணினியில் அச்சொட்டாகக் கட்டிவிட்டனர் நம்மவர். உள்ளே நிற்பது மணிமேகலை அன்று, தமிழெழுத்து. அவள் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே உட்புகுந்தாள். எழுத்தையோ நாம் பிடித்துத் தள்ளி அடைத்திருக்கின்றோம்.

இஃது உவமை மட்டுமன்று, அப்பட்டமான உண்மை. கண்பார்வை இல்லாத நம் உடன்பிறப்புகள் இன்று கணினியையும் கைப்பேசியையும் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் கையாள்கின்றனர். எழுத்து எழுத்தாக இருந்தால் அது குரலாக அவர்தம் காதில் ஒலிக்கும். எழுத்தைப் படமாக உறையவைத்துவிட்டால், மாற்றுரை உடன்வைக்காத இடத்து, அது வாய் மூடிக்கொள்ளும். படத்திலுள்ள எழுத்தை உணரும் கருவிகள் இப்பொழுது வந்துள்ளனவே எனின், தெளிந்த எழுத்தையே அவை நன்கு உணரும். பின்புலத்தோடு கலந்து நெளியும் கண்ணாடி எழுத்தின்முன் அவையும் தடுமாறும். உருத் தெரிகின்றது, ஒலி வரவில்லை. பளிக்கறையேதான்! குருதிக்கொடை வேண்டி ஒருவர் விடுக்கும் அழைப்பு இவ்வாறு ஊமையானால், அதனால் நேரும் இழப்புக்கு யார் விடை சொல்வது?

உலகளாவிய வலை அமைப்புக்கு நெறி வகுக்கும் கூட்டமைப்பு 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட அணுக்க நெறிகள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்றிருத்தல் வேண்டும். பேரெழுத்தாயின் 3-க்கு 1. வெள்ளைத் தாளில் கரிய எழுத்துக்கு இவ்வளவு 21-க்கு 1. கண்ணாடி எழுத்தில் இவ்வளவு ஓரெழுத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். ஒரு மூலையில் தேறும், மறு மூலையில் வீழும். படமாக்கப்பெற்ற எழுத்தை இயன்றவரை தவிர்த்து உண்மை எழுத்தையே பயன்படுத்துக என்பதும் அந் நெறிகளுள் ஒன்று.

உள்ளே இருப்பது யார்?

இன்னும் ஒரு வெட்கக்கேடு உண்டு. போட்டோசாப்பின் பழைய பதிப்புகளில் ஒருங்குறித் தமிழை இட்டால் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகச் சிதறும். பின்னைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளைக் கோக்கும் பொறி சேர்க்கப்பெற்றுவிட்டது. தமிழ் ஒருங்குறியில் இடம்பெற்றதோ 1991-இலேயே. தமிழ்நாட்டரசும் 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இத்தனைக்குப் பின்னும் நம் வடிவமைப்பாளர் பலர் பழைய பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே தட்டச்சிடுகின்றனர்.

பாமினியில் தமிழ் என்று தட்டச்சிட்டவன் கணினியின் நினைவில் எழுதியது என்ன தெரியுமா? சே, கே, பீ, ஓ என்னும் நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்! எழுத்துரு என்னும் முகமூடியைக் கழற்றினால் அங்கே தமிழ் இல்லை. தேடினால் கிடைக்காது, வேறிடத்தில் ஒட்டினால் குப்பையாய் விழும், திரைபடிப்பான் அதனைத் தமிழாக ஒலிக்காது. மேலே கண்ணாடி, உள்ளே உரோமன், நடுவில் தமிழ் எங்கே? ஊடுதெரியும் எழுத்தை விரும்புவோரே, உங்கள் எழுத்தின் ஊடே உண்மையாகவே பாருங்கள். அங்கே தமிழ் தெரிகின்றதா?

பெருநிறுவனம் செய்ததே என்பார்க்கு

ஆப்பிள் நிறுவனமே கண்ணாடியைக் கையாள்கின்றதே என்பார் சிலர். உண்மைதான். அக் கதையை முழுமையாகக் கேளுங்கள். 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆப்பிள் தன் கணினித் திரைக்கு நீர்த்துளி போன்ற ஒளிரும் பொத்தான்களைக் காட்டியது. 2007-இல் மைக்ரோசாப்ட்டு நிறுவனம் விண்டோசு விசுட்டாவில் கண்ணாடிச் சாளரங்களைக் கொணர்ந்தது. ஆனால் 2012-இல் வந்த விண்டோசு 8-இல் அக் கண்ணாடி நீக்கப்பெற்றது. 2013-இல் ஆப்பிளும் தன் கைப்பேசியின் பளபளப்பைக் களைந்து தட்டையாக்கியது. மீண்டும் 2025 சூன் திங்களில் நீர்மக் கண்ணாடி என்று பெயரிட்டு ஆப்பிள் அதனைக் கொணர்ந்தது. படிக்க இயலவில்லை என்று உடனே முறையீடுகள் எழுந்தன. ஆய்வுப் பதிப்புகளிலேயே ஊடுதெரிவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தனர். செப்டம்பரில் வெளியிட்ட பின்னும் முறையீடு ஓயவில்லை. நவம்பரில் வந்த 26.1 பதிப்பில், கண்ணாடியின் தெளிவைக் குறைத்துச் சாயம் ஏற்றிக்கொள்ளும் விருப்பத்தேர்வைப் பயனருக்குத் தந்தனர்.

பாருங்கள்! அத்துணைப் பொருளும் ஆளும் படைத்த நிறுவனமே, படிக்கும் மாந்தரின் முறையீட்டுக்குச் செவிசாய்த்துச் சாயம் ஏற்றிற்று. நம்மவரோ கண்ணாடியை மட்டும் பார்த்தார்; சாயத்தைப் பார்க்கவில்லை. பிறர் செய்வதைப் பின்பற்றுவோர், அவர் திருத்திக்கொண்டதையும் பின்பற்ற வேண்டாவா? மேலும், அங்கே கண்ணாடியானது பெரும்பாலும் எழுத்தின் பின்னுள்ள பலகை. இங்கே கண்ணாடியானது எழுத்தேயாகும்!

பீட்ரிசு வார்டு என்னும் அச்சுக்கலை அறிஞர் 1930-இல் இலண்டனில் ஆற்றிய உரையில், நல்ல அச்சைப் பளிங்குக் கிண்ணத்திற்கு ஒப்பிட்டார். இதனைக் காட்டி, எழுத்து கண்ணாடியாகலாம் என்று அறிஞரே சொல்லிவிட்டார் என வழக்காடுவோரும் உண்டு. அந்தோ! அவர் சொன்னது முற்றும் எதிரானது. கிண்ணம் தன்னைக் காட்டாது உள்ளிருக்கும் தேறலைக் காட்டுதல்போல், எழுத்து தன்னைக் காட்டாது பொருளைக் காட்டுக என்றார் அவர். இவர்தம் கண்ணாடி எழுத்தோ பொருளை மறைத்துத் தன்னையே காட்டுகின்றது. ஒப்பனையால் கண்ணாடி, பணியால் கற்சுவர்!

பணி தருவோர் கேட்கின்றாரே, நாங்கள் என் செய்வது என்பது இறுதி மறுப்பு. பணி தருவோர் கேட்பது தம் செய்தி நாலுபேர் கண்ணில் படவேண்டும் என்பதே. கண்ணில் படுவதற்கு நிறமும் அளவும் இடைவெளியும் உண்டு. நல்ல எழுத்துரு உண்டு. எழுத்து மங்கிய அழைப்பிதழால் விருந்தினர் வேறு நாளில் வந்து நின்றால், அவர் பழிப்பது உங்களைத்தான். நோயர் கேட்கும் மருந்தையெல்லாம் மருத்துவர் கொடுப்பதில்லை.

செய்யத்தக்கன

கண்டிப்பதோடு நில்லாது வழியும் சொல்வோம்.

ஒன்று: நாள், இடம், தொகை, தொலைப்பேசி எண், மருந்தளவு ஆகியவற்றைக் கண்ணாடியாக்காதீர். எக்காரணம் காட்டியும் ஆக்காதீர்.

இரண்டு: கண்ணாடி வேண்டுமெனில் அதனை எழுத்தின் பின்னே வையுங்கள். உறைபனிக் கண்ணாடிப் பலகை ஒன்றை அமைத்து, அதன்மேல் திண்ணிய எழுத்தை நிறுத்துங்கள். அழகும் கெடாது, எழுத்தும் கெடாது.

மூன்று: ஓரிரு சொற்களை மட்டும் கண்ணாடியாக்கியே தீருவேன் என்பவர், சுழி அகன்ற தடித்த எழுத்துருவைத் தேர்க. புள்ளிகளைத் தனியே பிரித்துப் பெரிதாக்கித் திண்ணிய நிறம் ஊட்டுக. விளிம்புக்கு இருண்ட வரை இடுக. ஒளி வரும் திசை படத்திலும் எழுத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

நான்கு: முடித்த படத்தை நிறம் நீக்கிச் சாம்பலாக்கிப் பாருங்கள், கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அறுபது அகவை கடந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கிய இடத்தில் உங்கள் பணி இன்னும் முடியவில்லை என்று பொருள்.

ஐந்து: ஒருங்குறியிலேயே எழுதுங்கள். எழுத்தடுக்கைப் படமாக உறையவைக்காத மூலக்கோப்பு ஒன்றைப் பேணுங்கள். படத்தை அனுப்பும்பொழுது அச் செய்தியை எழுத்தாகவும் உடன் அனுப்புங்கள். ஒரு மணித்துளி வேலை. பளிக்கறையின் கதவு அவ்வளவில் திறந்துவிடும்.

ஆறு: கருவியையும் எண்ணிப் பாருங்கள். 2013 முதல் அடோபி தன் புதிய பதிப்புகளை விற்பதை விட்டுக் குடிக்கூலிக்கு விடுகின்றது. அதன் கட்டளைகள் தமிழில் இல்லை. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப்பு மென்பொருளைத் தன்னார்வலர் தமிழாக்கியுள்ளனர். 2025 மார்ச்சில் வந்த அதன் மூன்றாம் பதிப்பில், மூலத்தை அழிக்காமலே விளைவுகளை ஏற்றவும் நீக்கவும் இயலும். அடுக்கு, நிரப்பு, உள்நிழல், விழுநிழல், புடைப்பு, மங்கல் என்று தமிழில் பெயர் சொல்லிப் பழகுங்கள். விழுநிழல் என்று சொல்பவனுக்கு அந் நிழல் எங்கிருந்து எங்கு விழுகின்றது என்னும் எண்ணமும் உடன் வரும். பொருள் தெரிந்து தட்டுபவனே கைவினைஞன். பெயர் தெரியாது தட்டுபவன் பொத்தானுக்கு ஏவலாள்.

வடிவமைக்கும் இளைஞனே! உன் விரல்நுனியில் இருப்பது வெறும் ஒப்பனைப் பொருளன்று. கல்லிலும் ஓலையிலும் மாழையிலும் தாளிலும் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அடிபட்டும் தேறியும் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும் எழுத்து அது. கல்வெட்டில் அதனை வெட்டியவன் உளியின் ஒவ்வோர் அடிக்கும் வியர்வை சிந்தினான். உனக்கு வியர்வை வேண்டா. சிறிது கருத்து வேண்டும். எழுத்தைப் பளபளக்கச் செய்வது எளிது. எழுத்தைப் பேசச் செய்வதே தொழில். அதனைச் செய்க!